கரண்ட் வந்த கம்பத்திலேயே இணையம் வருமா? வடகிழக்கு மிசிசிப்பி பயணக் குறிப்புகள்

நவம்பர் 3, 2019, ஞாயிறு. ஃப்ளோரன்ஸ், அலபாமா

டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் ஃபைபர் நெட்வொர்க், அதாவது கண்ணாடி இழைக் கேபிள் வழியாக இணையம் கொண்டுபோகும் அமைப்பு, வடிவமைக்கும் வேலை எனக்கு. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் அம்மா வடகிழக்கு மிசிசிப்பியில், டுபெலோ நகரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமப்புறத்தில் இருக்கிறார். அந்தப் பகுதிக்கு மின்சாரம் தருவது அரசும் இல்லை, தனியார் கம்பெனியும் இல்லை. ஒரு கூட்டுறவுச் சங்கம். மின் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். இயக்குநர் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சங்கம் இப்போது வீடுகளுக்கு பிராட்பேண்டும் தரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. வரும் வியாழன் மாலை உறுப்பினர் கூட்டம். "வந்து பார், உன் வேலைதானே" என்றார் நண்பர். ஒரு வாரம் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். இன்னும் முடிவு எடுக்காத சங்கம் என்பதால் அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

ஏன் இப்போது இந்த யோசனை? மிசிசிப்பியில் 1942-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மின் கூட்டுறவுகள் மின்சாரத்தைத் தவிர வேறு எதையும் விற்கக் கூடாது என்று கட்டிப்போட்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டவர் மின்சாரம், தொலைபேசி போன்ற சேவைகளைக் கண்காணிக்கும் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்தின் வடக்கு மாவட்ட உறுப்பினர் பிராண்டன் பிரெஸ்லி. இந்த ஜனவரி 30-ம் தேதி ஆளுநர் ஃபில் பிரையன்ட் அந்தத் தடையை நீக்கும் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று முதல் இங்குள்ள ஒவ்வொரு சங்கமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நாச்செஸ் டிரேஸ் சாலை வழியாகத்தான் வந்தேன். நாஷ்வில்லுக்குத் தெற்கே தொடங்கி மிசிசிப்பி ஆற்றங்கரை நாச்செஸ்வரை 444 மைல் ஓடும் பழைய தடம். லாரிகளுக்கு அனுமதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை, மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. இருபுறமும் இலைகள் சிவந்தும் மஞ்சளாகியும் கொட்டிக்கொண்டிருந்தன. வழியில் பல இடங்களில் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு அது நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அந்த மரங்களுக்குப் பின்னால் வீடுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் இல்லை.

சாயங்காலம் சாலையிலிருந்து விலகி ஃப்ளோரன்ஸ் வந்து வில்சன் அணையைப் பார்த்தேன். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு நைட்ரேட் வேண்டும் என்று 1918-ல் தொடங்கி, போர் முடிந்த பிறகு 1924-ல் கட்டி முடித்த அணை. ஹென்றி ஃபோர்ட் இதை விலைக்குக் கேட்டார். விடக் கூடாது என்று வருடக்கணக்கில் நின்று தடுத்தவர் நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ். 1933 மே மாதம் மத்திய அரசின் மின் உற்பத்தி அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், எல்லோரும் சொல்லும் பெயரில் டிவிஏ, உருவானபோது இந்த அணை அதன் கைக்கு வந்தது. 1936-ல் கிராம மின்மயச் சட்டத்தை செனட்டில் கொண்டுவந்ததும் அதே நாரிஸ்தான். இந்த வாரம் நான் பார்க்கப்போகும் கம்பங்களுக்கெல்லாம் தொடக்கம் இந்தத் தண்ணீர்.

நவம்பர் 4, திங்கள். கொரிந்த், மிசிசிப்பி

இரண்டு ரயில் பாதைகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் ஊர் கொரிந்த். அந்தச் சந்திப்புக்காகவே 1862-ல் உள்நாட்டுப் போரில் முற்றுகையிடப்பட்ட ஊர். போர்ச் சின்னங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். நான் வந்தது 1934-க்காக.

அந்த வருடம் இங்கே ஒரு மரச்சாமான் கடையின் பின்னறையில் கூடி நாலு பேர் பேசியதிலிருந்துதான் ஆல்கார்ன் கவுண்டி மின் சங்கம் பிறந்தது. அமெரிக்காவின் முதல் கிராம மின் கூட்டுறவு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்போது நாட்டில் பத்தில் ஒரு பண்ணை வீட்டில்தான் மின்விளக்கு. மிசிசிப்பியில் நூற்றில் ஒன்று என்றாலே அதிகம். நகரத்தில் மின்சாரம் விற்ற கம்பெனிகளுக்கு அரை மைலுக்கு ஒரு வீடு இருக்கும் ஊருக்குக் கம்பி இழுக்க மனமில்லை. போட்ட பணம் திரும்பாது என்றார்கள். கணக்கின்படி அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. அவர்கள் கணக்கு சரியாக இருந்தபடியால்தான் வேறு கணக்கு தேவைப்பட்டது.

கொரிந்த் கண்டுபிடித்த கணக்கு எளிமையானது. நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் ஒரே சங்கத்தில் சேர்த்தார்கள். டிவிஏ மொத்த விலைக்கு மின்சாரம் தந்தது. நகரத்தில் வரும் மிச்சம் கிராமத்தின் பற்றாக்குறையை ஈடுகட்டியது. நடக்குமா நடக்காதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, டிவிஏ கொடுத்த கடனை எதிர்பார்த்ததைவிட வேகமாக அடைக்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம், 1935 மே 11-ம் தேதி, அதிபர் ரூஸ்வெல்ட், கிராமங்களுக்கு மின்சாரம் போகக் கடன் தரும் கிராம மின்மய நிர்வாகத்தை அமைத்தார். நாடெங்கும் விவசாயிகள் வீடு வீடாகப் போய் ஆளுக்கு 5 டாலர் உறுப்பினர் கட்டணம் வசூலித்துச் சங்கம் தொடங்கினார்கள். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் 5 டாலர் சின்னத் தொகை இல்லை. இன்று அமெரிக்காவில் இப்படி 900 சங்கங்கள் இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவர்கள் கம்பிகள்தான் ஓடுகின்றன.

இந்தக் கதையில் ஒன்றை நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன். மின்சாரத்துக்கு நகரம் கைகொடுத்தது. இணையத்தில் நகரம் ஏற்கெனவே கேபிள் கம்பெனிகளிடம் போய்விட்டது. கிராமச் சங்கங்கள் பலவற்றுக்கு இப்போது மிஞ்சியிருப்பது மேடும் பைன் மரமும் மட்டும்தான். அன்று மின்சாரத்தை வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. வேறு வழியும் இல்லை. இன்று ஃபைபர் வந்தாலும் பத்தில் நாலு பேரோ ஆறு பேரோதான் எடுப்பார்கள். "அன்று முடிந்தது, இன்றும் முடியும்" என்று மேடையில் சொல்வது எளிது. இந்த இரண்டு வித்தியாசங்களையும் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

மதியம் ஸ்லக்பர்கர் கடையில் சாப்பிட்டேன். அதே மந்த காலத்தில் இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தபோது மாவு சேர்த்துப் பொரித்து விற்ற பண்டம். இப்போது சோயா சேர்க்கிறார்கள். கடுகு சாஸும் ஊறவைத்த வெள்ளரியும் வைத்துத் தருகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெது. நன்றாகவே இருந்தது.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு தகவல். இந்தக் கூட்டுறவு முறை கடல் தாண்டியும் போனது. 1960-களின் கடைசியில் அமெரிக்க மின் கூட்டுறவுக்காரர்களின் ஆலோசனையோடு இந்தியாவிலும் சில கிராம மின் கூட்டுறவுகள் தொடங்கின. தெலங்கானாவின் சிரிசில்லாவும் கர்நாடகத்தின் ஹுக்கேரியும் அப்படி வந்தவை. இரண்டும் இன்றும் இயங்குகின்றன.

நவம்பர் 5, செவ்வாய். டுபெலோ

இன்று மிசிசிப்பியில் ஆளுநர் தேர்தல். வழி நெடுக வீட்டு முற்றங்களில் வேட்பாளர் பெயர்ப் பலகைகள்.

டுபெலோவுக்கு எல்லோரும் எல்விஸ் பிரெஸ்லி பிறந்த இரண்டறை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் நின்று ரசித்தது ஊர் நடுவே நாற்சந்தியில் இருக்கும் நியான் அம்புப் பலகையை. "முதல் டிவிஏ நகரம்" என்று எழுதியிருக்கிறது. 1934 பிப்ரவரியில் டிவிஏ மின்சாரம் வாங்கிய முதல் நகரம் இது. அந்த நவம்பரில் ரூஸ்வெல்ட்டே நேரில் வந்து பேசினார்.

டிவிஏ அப்போது இன்னொன்றும் செய்தது. மின்சாரம் வந்தால் மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தப் பொருள் வேண்டும் என்று, ஃபிரிட்ஜும் அடுப்பும் தண்ணீர் ஹீட்டரும் வாங்கக் குறைந்த வட்டியில் தவணைக் கடன் கொடுக்க ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதுவும் முதலில் தொடங்கியது இந்த ஊரில்தான். பிறகு 1930-களின் கடைசியில் கிராம மின்மய நிர்வாகம் கூடாரம் போட்டு ஊர் ஊராக மின்கருவிக் கண்காட்சி நடத்தியது. ஜனங்கள் அதை 'சர்க்கஸ்' என்றே கூப்பிட்டார்கள். கம்பி இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று அவர்கள் உட்காரவில்லை. இன்று பிராட்பேண்ட் திட்டங்களில் எல்லாரும் கேபிள் மைல்களைத்தான் எண்ணுகிறார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் வீடியோவில் மருத்துவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டாரா என்பதை யாரும் எண்ணுவதில்லை. இந்தப் பாடத்தை டுபெலோவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் நண்பரின் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சரளைச் சாலையின் கடைசி வீடு. அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். இணையம் என்று ஒன்று இருக்கிறது, சாட்டிலைட் வழியாக. அந்த சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஒரு சொல் போய்த் திரும்பவே அரை நொடிக்கு மேல் ஆகிறது. வீடியோ பேச்சில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அளவும் மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டுப்பாடு. பேரப்பிள்ளைகள் வந்துவிட்டால் மூன்றாம் நாளே தீர்ந்துபோகும். பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரிப் பாடத்துக்காக வாரத்தில் நாலு நாள் நூலக வாசலில் காரை நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறாளாம்.

"ஆனா மேப்ல எங்க ஏரியாவுக்கு இணையம் இருக்குன்னு போட்டிருக்கே, எப்படி?" என்று கேட்டார். அதற்குக் காரணம் எண்ணும் முறை. மத்திய தகவல் தொடர்பு ஆணையம் கணக்கெடுப்புப் பகுதிகளாக நாட்டைப் பிரித்துவைத்திருக்கிறது. ஒரு பகுதியில் ஒரே ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனி சேவை தர முடிந்தாலும் முழுப் பகுதிக்கும் சேவை உண்டு என்று கணக்கு. நகரத்தில் அந்தப் பகுதி ஒரு தெரு அளவு. இங்கே பல மைல் அகலம். தாளில் இணையம் இருக்கும் இடத்துக்கு மானியம் கிடையாது. இணையம் இல்லாததோடு, இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் இந்த ஜனங்கள் தலையில்தான் விழுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நவம்பர் 6, புதன். அதே வீடு

இன்று சங்கத்தின் லைன்மேன்கள் இரண்டு பேரோடு காலையிலிருந்து சுற்றினேன். இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள்.

முதலில் கம்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாம் மரக்கம்பம். தெற்கத்திய மஞ்சள் பைன், பூச்சி அரிக்காமல் மருந்தில் ஊறவைத்தது. கிட்டே போனால் தார் வாசனை. உச்சியில் உயர் அழுத்தக் கம்பி. அதற்குக் கீழே டிரான்ஸ்ஃபார்மர், பிறகு கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி. அதற்குக் கீழே 40 அங்குலம் காலியாக விட வேண்டும். தொலைபேசிக்காரரோ கேபிள்காரரோ ஏறி வேலை செய்யும்போது கரண்ட் தொடாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அதற்குக் கீழேதான் கேபிள், எல்லாவற்றுக்கும் கீழே தொலைபேசி.

வெளியிலிருந்து ஒரு கம்பெனி ஃபைபர் இழுக்க வந்தால் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இடம் தேட வேண்டும். இடம் இல்லாவிட்டால் இருக்கிற கேபிள்களை நகர்த்த வேண்டும். கம்பம் குட்டையாக இருந்தால் கம்பத்தையே மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அனுமதி, ஆய்வு, பில். எத்தனையோ திட்டங்கள் இந்த இடத்தில் சிக்கி மாதக்கணக்கில் நின்றிருக்கின்றன.

மின் சங்கத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. ஏடிஎஸ்எஸ் என்று ஒரு வகை ஃபைபர் கேபிள். உள்ளே துளி உலோகம் கிடையாது, தன் பாரத்தைத் தானே தாங்கும். கரண்ட் பாயாது என்பதால் அதை மேலே, மின்கம்பிகளின் பகுதியிலேயே நியூட்ரலுக்குப் பக்கத்தில் கட்டலாம். கீழே யாரையும் நகர்த்த வேண்டாம். ஆனால் அந்த உயரத்தில் மின்வேலைக்குப் பயிற்சி பெற்ற லைன்மேன் மட்டும்தான் கை வைக்க முடியும். சாதாரணத் தொலைத்தொடர்பு ஒப்பந்தக்காரரை ஏற்ற முடியாது. அப்படி என்றால் ஃபைபர் அறுந்தாலும் இவர்கள்தான் போக வேண்டும்.

அதைத்தான் மூத்த லைன்மேன் கேட்டார். "சார், புயல் அடிச்சா முதல்ல நான் எதைத் தூக்கி நிறுத்தணும்? கரண்டையா, நெட்டையா?" அவர் 1994 பிப்ரவரி பனிப்புயலைப் பார்த்தவர். கம்பியில் பனி கட்டியாக உறைந்து, பாரம் தாங்காமல் கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. சில வீடுகளுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. 2011 ஏப்ரல் 27-ம் தேதி ஸ்மித்வில் ஊரை இஎஃப்-5 என்ற உச்ச அளவு சூறாவளி வழித்துக்கொண்டு போனதும் இங்கிருந்து தூரமில்லை. "கரண்ட் வந்த பிறகுதான் நெட். அதில் மாற்றமில்லை" என்று கூட இருந்த பொறியாளர் சொன்னார். லைன்மேன் தலையசைத்தார். ஆனால் அவர் கேள்வி அத்தோடு முடியவில்லை என்று எனக்குப் படுகிறது. ஃபைபருக்குத் தனி ஆட்களை எடுத்து, அவர்களுக்கு மின்வேலைப் பயிற்சியும் கொடுத்தால்தான் சரிப்படும். அந்தச் செலவு முதல் நாள் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.

பொறியாளருடைய அக்கறை வேறு. வீட்டு இணையம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சங்கத்துக்கு ஃபைபர் வேண்டும். துணைமின் நிலையங்களை அலுவலகத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும், மீட்டர்களின் அளவை எடுக்கவும், எந்த இடத்தில் லைன் அறுந்தது என்று உடனே தெரிந்துகொள்ளவும் இன்று ரேடியோவையும் வாடகைத் தொலைபேசி இணைப்பையும் நம்பியிருக்கிறார்கள். துணைமின் நிலையங்களை இணைக்கும் முதுகெலும்புக் கேபிளின் ஒரு பங்குச் செலவை மின்சாரப் பக்கம் நியாயமாகவே ஏற்கலாம். எவ்வளவு பங்கு என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 7, வியாழன். கூட்டம்

தேவாலயத்தின் கூடத்தில் கூட்டம். ஜெபம், கொடி வணக்கம், பொரித்த கெளுத்தி மீன், ஸ்வீட் டீ. மடக்கு நாற்காலிகள் போதாமல் பின்னால் நின்றார்கள். சங்கத்து மேலாளர் முகத்திலேயே ஆச்சரியம் தெரிந்தது. இயக்குநர் தேர்தலுக்குப் பல சங்கங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. இணையம் என்றதும் கூடம் நிறைந்துவிட்டது.

ஆலோசகர் ஒருவர் வழிகளை விளக்கினார். ஒன்று, எதுவும் செய்யாமல் காத்திருப்பது. இரண்டு, துணைமின் நிலையங்கள்வரை மட்டும் ஃபைபர் போட்டு, மிச்ச இழைகளை வேறொரு கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது. ஆபத்து குறைவு, ஆனால் அந்தக் கம்பெனி கடைசி சரளைச் சாலைவரை வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூன்று, கோபுரங்களிலிருந்து கம்பியில்லாமல் கொடுப்பது. சமவெளியில் இது நடக்கும். இங்கே ஈரப் பைன் இலைகள் அலையை விழுங்கிவிடும், மேடுகள் மறைக்கும். நான்காவது, துணை நிறுவனம் ஒன்று தொடங்கி எல்லா உறுப்பினர் வீட்டுக்கும் சங்கமே ஃபைபர் கொடுப்பது.

நான்காவதைத்தான் எல்லோரும் கேட்க வந்திருந்தார்கள். அதன் கணக்கை நானும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். கிராமப்புறத்தில் கம்பத்தில் ஃபைபர் இழுக்க மைலுக்கு 20,000 முதல் 30,000 டாலர் ஆகும். நடுவே 25,000 என்று வைத்துக்கொள்வோம். மின் கூட்டுறவுகளில் ஒரு மைல் லைனுக்குச் சராசரியாக 8 இணைப்புகள்தான் இருக்கின்றன. தனியார் மின் கம்பெனிகளுக்கு 30-க்கு மேல். ஆக ஒரு வீட்டு வாசல் வழியாகக் கேபிள் போகவே சுமார் 3,100 டாலர். பத்தில் நாலு வீடு சேர்ந்தால், சேர்ந்த வீடு ஒவ்வொன்றின் மேலும் 7,800 டாலர் ஏறுகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிளும் உள்ளே வைக்கும் பெட்டியும் தனி. மாதம் 60 டாலர் வாங்கினால் வருடத்துக்கு 720. சம்பளம், வட்டி, சங்கம் மொத்தமாக வாங்கும் இணையத்தின் கட்டணம் எதையும் கழிக்காமலே போட்ட பணம் வரப் பதினோரு வருடம். பத்தில் ஆறு வீடு சேர்ந்தால் அது ஏழு வருடமாகக் குறைகிறது. கேபிளின் விலை, கருவியின் விலை எல்லாவற்றையும்விட இந்த நாலுக்கும் ஆறுக்கும் நடுவில்தான் சங்கத்தின் தலையெழுத்து இருக்கிறது.

மூன்று நான்கு வருடத்தில் பணத்தைத் திரும்ப எதிர்பார்க்கும் பங்குதாரர்களை வைத்திருக்கும் கம்பெனி இந்த ஊருக்கு வராது. வரவில்லை என்று அதைத் திட்டியும் பயனில்லை. ஆனால் இருபது, முப்பது வருடக் கடனில் கம்பம் நட்டுப் பழகிய ஒரு சங்கத்தால் இந்தக் கணக்கைத் தாங்க முடியும். கம்பம் யாரிடமும் இருக்கலாம். காத்திருக்கத் தெரிந்த கடன், அதை விட்டு ஓடிப்போக முடியாத உறுப்பினர்கள் — இவை இரண்டும் கூட்டுறவிடம்தான் இருக்கின்றன. ஆகவேதான் நான் நான்காவது வழியின் பக்கம் நிற்கிறேன்.

கேள்வி நேரம் நீண்டது. கோழிப் பண்ணை வைத்திருப்பவர் ஒருவர், கொட்டகையில் மின்விசிறி நின்றால் அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் செத்துப்போகும், எச்சரிக்கை உடனே தன் போனுக்கு வர நம்பகமான இணைப்பு வேண்டும் என்றார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பயிரிடும் குடும்பம் ஒன்று வந்திருந்தது. வார்டமன் பக்கம் அதுதான் பெரிய பயிர். பிறகு முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்து, "எனக்கு இணையம் வேண்டாம். இவர்களுக்காக என் கரண்ட் பில் ஏறுமா?" என்று கேட்டார். சிலர் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால் அந்த இரவின் மிக முக்கியமான கேள்வி அதுதான்.

மேலாளர் சட்டத்தைச் சொன்னார். மின்கட்டணப் பணத்தை எடுத்து இணையத்துக்கு மானியமாகக் கொடுக்கக் கூடாது. தொடங்கும் முன் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தியே ஆக வேண்டும். கம்ப வாடகை மற்ற கம்பெனிகளுக்கு என்னவோ அதுவே துணை நிறுவனத்துக்கும். எல்லாம் சரி. ஆனால் பெரியவர் விடவில்லை. "அந்தத் துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறவன் யாரை நம்பிக் கொடுப்பான்? நம்மைத்தானே?" மேலாளர் கொஞ்சம் நிறுத்தி, "ஆமாம் சார், நம்மைத்தான்" என்றார். அந்த நேரான பதிலுக்குப் பிறகு கூடத்தில் பேச்சின் தொனியே மாறியது. கனவைப் பேசியவர்கள் கணக்கைப் பேச ஆரம்பித்தார்கள்.

வழக்கறிஞர் மிசௌரி வழக்கைச் சொன்னார். அங்கே ஷோ-மீ என்ற மின் கூட்டுறவு, மின்கம்பிக்கு என்று வாங்கிய நிலவழி உரிமையில் ஃபைபர் போட்டு வணிகமும் செய்தது. நில உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2015-ல் நீதிமன்ற ஜூரி 79 மில்லியன் டாலர் தரச் சொன்னது. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையைத் தள்ளிவிட்டாலும், அத்துமீறல் நடந்தது என்பதை நிலைநிறுத்தியது. ஆகப் பழைய பத்திரங்களில் 'மின்சாரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

அதே மிசௌரியில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. டிப்டன் ஊரின் கோ-மோ சங்கம், மத்திய அரசின் ஊக்க நிதி கிடைக்காமல் போனபோதும் விட்டுவிடவில்லை. ஆளுக்கு 100 டாலர் முன்பணம் கட்டுங்கள், போதுமான பேர் சேரும் பகுதியில் முதலில் போடுகிறோம் என்று ஆரம்பித்தார்கள். பிறகு தங்கள் பகுதி முழுக்கப் போட்டு முடித்தார்கள். மேலாளர் இதைத்தான் இங்கேயும் பரிந்துரைத்தார்: முதலில் ஆர்வப் படிவம், எந்தத் துணைமின் நிலையப் பகுதியில் அதிகப் பேர் சேர்கிறார்களோ அங்கே சோதனைக் கட்டம், அப்புறம் மற்ற இடங்கள். மூலையில் இருக்கும் ஏழை வீடுகள் கடைசிக்குத் தள்ளப்படாமல் எழுத்தில் ஒரு காலவரம்பு வேண்டும் என்று ஒரு பள்ளி ஆசிரியை எழுந்து கேட்டார். அதைத் தீர்மானத்தில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

நவம்பர் 8, வெள்ளி. கல்மன், அலபாமா, திரும்பும் வழியில்

பர்மிங்ஹாம் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து கல்மனில் நிறுத்தினேன். இங்கே ஒரு மடாலயத்தில் துறவி ஒருவர் கல்லும் சிமெண்டும் உடைந்த கண்ணாடியும் வைத்து உலகத்துப் பெரிய ஆலயங்களைச் சின்னதாகச் செய்து ஒரு மலைச்சரிவு முழுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

நேற்றைய கூட்டத்தில் ஓர் இளைஞர், "மின்கம்பியிலேயே இணையம் அனுப்பலாமே, ஃபைபர் எதற்கு?" என்று கேட்டிருந்தார். அந்த முயற்சி இந்த மாநிலத்திலும் நடந்தது. ஹன்ட்ஸ்வில்லைச் சேர்ந்த ஐபெக் என்ற கம்பெனி, ஐபிஎம் துணையோடு, கிராம மின் கூட்டுறவுகளின் கம்பிகளில் இணையம் அனுப்பியது. சங்கங்கள் ஆர்வமாகச் சேர்ந்தன. ஆனால் இந்த நாட்டுக் கிராம மின்விநியோகத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்றிரண்டு வீடுகள்தான். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரையும் சுற்றிக்கொண்டு போக ஒரு கருவி வேண்டும், லைன் முழுக்க சமிக்ஞையைத் தூக்கிவிடும் கருவிகளும் வேண்டும். வேகமும் பெரிதாக வரவில்லை. 2011 ஏப்ரல் சூறாவளிகள் அந்தக் கருவிகளை அடித்துப்போட்டன. 2012 ஜனவரியில் சேவையையே மூடினார்கள். புதிதாக எதுவும் போடாமல், இருப்பதை வைத்தே சமாளிக்கலாம் என்ற ஆசை எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு இது போதும்.

சங்கத்துப் பொறியாளருக்கு இன்று காலை கிளம்பும் முன் ஒரே ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன். முதுகெலும்புக் கேபிளில் 48 இழை போடத் திட்டம் வைத்திருக்கிறார். 144 போடுங்கள் என்றேன். ஆள்கூலியும் வண்டி வாடகையும் ஒன்றேதான். கூடுதல் இழைக்கான விலை மொத்தச் செலவில் சிறு பங்கு. இன்னொரு முறை அந்தக் கம்பத்தில் ஏறுவதற்குத்தான் உண்மையான செலவு. அவர் குறித்துக்கொண்டார்.

சாத்தியக்கூறு ஆய்வு வந்ததும் இயக்குநர் குழு வாக்கெடுக்கும். ஆர்வப் படிவங்கள் நேற்றே கூட்டத்தில் கொடுக்கப்பட்டன. நண்பரின் அம்மா தன்னுடையதை அங்கேயே நிரப்பிக் கொடுத்துவிட்டு, காலிப் படிவங்கள் ஒரு கட்டு வாங்கிவந்திருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தச் சரளைச் சாலையில் வீடு வீடாகப் போகப்போகிறார். முன்வரிசைப் பெரியவரின் வீடும் அதே சாலையில்தான். முதலில் அங்கேதான் போவேன் என்றார்.